அல்கோன்குவின் ஏரிகளில் நான்கு நாள்: முதல் கனூப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி

காட்டுக்குள் முதல் தடவை கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் போகிறவர்கள் பெரும்பாலும் கரடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பயணத்தைக் கெடுப்பது அனேகமாகக் கரடி அல்ல. அளவுக்கு மிஞ்சிய சாமான், வரைபடத்தில் ஆசையாகப் போட்ட நீண்ட கோடு, மதியத்துக்கு மேல் எழும் காற்று ஆகிய மூன்றும்தான். மூன்றையும் வீட்டு மேசையிலேயே பாதி தீர்த்துவிடலாம். அதற்கான வழிகாட்டி இது. கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள அல்கோன்குவின் மாகாணப் பூங்காவை எடுத்துக்கொண்டு, இரண்டு பேர், ஒரு கனூ, மூன்று இரவுகள் என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

1893இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்கா ஏழாயிரத்து ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் ஏரிகள். அவற்றை ஓடைகளும் ஆறுகளும் இணைக்கின்றன. தண்ணீர் இணைக்காத இடத்தில் 'போர்ட்டேஜ்' இணைக்கிறது: படகையும் சாமானையும் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஏரிவரை நடக்கும் ஒற்றையடிப் பாதை அது. ரொறன்ரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி, அங்கிருந்து 11இல் ஹண்ட்ஸ்வில், பிறகு 60இல் கிழக்கே திரும்பினால் பூங்காவின் மேற்கு வாசல். போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் ஆகும். ஸ்காபரோவிலிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டால் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

எந்த மாதம்

ஏரிகளில் பனிக்கட்டி ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் உடைகிறது. மே மாதத்து வெயிலை நம்பி இறங்கக்கூடாது. மேலே 20 பாகை இருந்தாலும் தண்ணீர் உயிரைக் குடிக்கும் குளிரில் இருக்கும். மே நடுவிலிருந்து ஜூன் பிற்பகுதிவரை கருப்பு ஈ. கடிக்கும்போது தெரியாது. காதுக்குப் பின்னாலும் முடி தொடங்கும் இடத்திலும் இரத்தம் வடிந்த பிறகுதான் தெரியும். ஜூன், ஜூலையில் நுளம்பு. ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் நீந்தும் அளவுக்குச் சூடாகும், ஆனால் கூட்டமும் அப்போதுதான்.

புதியவர்களுக்கு ஆகஸ்ட் பின்பாதி நல்லது. செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் கழிந்த முதல் இரண்டு வாரம் அதைவிட நல்லது. பூச்சி குறைந்திருக்கும், ஏரி இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்காது, கூட்டமும் கலைந்திருக்கும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்கு அருகே இறங்கலாம் என்பதால் 0 பாகைக்குத் தாங்கும் உறக்கப்பை வேண்டும். மேப்பிள் இலைகள் சிவக்கும் செப்டம்பர் கடைசி வாரம் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் நெடுஞ்சாலை 60 முழுக்க வாகனமாக இருக்கும். அந்த வாரத்தை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிச்சீட்டு ஏரிக்குத்தான், இடத்துக்கு அல்ல

பூங்காவின் உட்பகுதியில் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போட முடியாது. ஒவ்வோர் இரவுக்கும் எந்த ஏரி என்று ஒன்ராறியோ பூங்காக்களின் முன்பதிவுத் தளத்தில் முதலிலேயே பதிய வேண்டும். பதிவு ஐந்து மாதத்துக்கு முன், காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் 22இல் புறப்படுவதானால் மார்ச் 22 காலையில் கணினி முன் உட்கார வேண்டும். நீண்ட வார இறுதி என்றால் 7:05 கூடத் தாமதம்தான். செவ்வாயோ புதனோ புறப்பட்டால் இந்த ஓட்டமே தேவைப்படாது.

நீங்கள் பதிவது ஏரியை மட்டும். அந்த ஏரியில் எந்த முகாமிடம் என்பது முதலில் வந்தவருக்கே. அதனால் பிற்பகல் 2 மணிக்குள் ஏரியை அடைவது வசதிக்காக மட்டும் அல்ல. 6 மணிக்கு வருகிறவர் ஏரி முழுக்க ஒவ்வொரு முனையாகச் சுற்றி, கடைசியில் வெயிலே படாத, கொசு நிறைந்த மூலையில் போய் ஒதுங்குவார். முகாமிடத்தைக் கரையில் உள்ள செம்மஞ்சள் பலகை காட்டும். ஓர் இடத்தில் அதிகபட்சம் 9 பேர். பெரிய குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டு அனுமதிச்சீட்டாகப் பிரிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மூன்று இரவுக்கும் மூன்று தூரத்து ஏரிகளைப் பதிந்துவிட்டால், முதல் நாள் காற்றில் மாட்டினாலும் இரண்டாம் நாள் அந்தத் தூரத்தை ஓடியே தீரவேண்டும். முதல் பயணத்தில் ஏதாவது ஓர் ஏரியில் இரண்டு இரவு பதியுங்கள். அந்த இடைநாள் ஓய்வுக்கும் ஆகும், மழை வந்தால் ஈடுகட்டவும் ஆகும்.

வழியைக் கணக்கிடுதல்

பூங்காவுக்குத் துணைநிற்கும் 'அல்கோன்குவின் பூங்காவின் நண்பர்கள்' என்ற இலாபநோக்கற்ற அமைப்பு கனூ வழிகளின் வரைபடத்தை வெளியிடுகிறது. முகாமிடங்கள், போர்ட்டேஜ்கள், அவற்றின் நீளம் மீட்டரில் என எல்லாம் அதில் உண்டு. கைபேசியில் என்ன செயலி இருந்தாலும் இந்தத் தாளை நீர்புகா உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குளிரில் மின்கலம் இறந்துபோகும், தாள் இறக்காது.

கணக்கு இப்படி. அமைதியான நீரில் புதிய இருவர் மணிக்கு 4 கிலோமீட்டர் போவார்கள். எதிர்காற்றில் அது 2 ஆகும். நடைப் பாதையின் நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் விடும் பிழை. சாமானை இரண்டு நடையில் தூக்கினால் நீங்கள் நடப்பது பாதையின் மூன்று மடங்கு: ஒரு தடவை சுமையோடு, ஒரு தடவை வெறுங்கையோடு திரும்பி, மறுபடி சுமையோடு. 295 மீட்டர் போர்ட்டேஜ் 885 மீட்டர் ஆகிவிடும். இறக்கி ஏற்றும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி நேரம். 2 கிலோமீட்டர் போர்ட்டேஜ் என்றால் 6 கிலோமீட்டர் நடை. அது அரை நாள் வேலை. ஒரு நாளில் துடுப்பும் நடையும் சேர்ந்து ஐந்து மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பரிந்துரை கனூ லேக்கிலிருந்து தொடங்கும் வழி. இது 5ஆம் இலக்க நுழைவிடம், மேற்கு வாசலிலிருந்து 60இல் சுமார் 14 கிலோமீட்டர். கனூவைத் துறையிலேயே வாடகைக்கு எடுக்கலாம் என்பதால் காரின் கூரையில் கட்டி வரும் தொல்லை இல்லை.

முதல் நாள் கனூ லேக்கை நீளவாக்கில் வடக்கே கடந்தால் ஒரு சிறிய அணை. அதைச் சுற்றிச் செல்வதுதான் அந்த 295 மீட்டர் போர்ட்டேஜ். அகலமான, நன்றாக மிதிபட்ட பாதை. பழகுவதற்கென்றே போட்டதுபோல இருக்கும். அந்தப் பக்கம் ஜோ லேக். அங்கேயோ, சற்று மேலே டீப்பி லேக்கிலோ முதல் இரவு. இரண்டாம் நாள் டீப்பியிலிருந்து குறுகிய நீர்வழியாக ஃபோன் லேக், லிட்டில் டோ லேக், அதற்கப்பால் டொம் தொம்சன் லேக். இந்தப் பகுதியில் போர்ட்டேஜே இல்லை. பீவர் (மரத்தைக் கடித்துச் சாய்க்கும் விலங்கு) கட்டிய அணை ஏதாவது குறுக்கே வரலாம், அவ்வளவுதான். டொம் தொம்சனில் இரண்டு இரவு. நான்காம் நாள் வந்த வழியே திரும்புதல்.

வந்த வழியே திரும்புவது சலிப்பல்லவா என்று சிலர் கேட்பார்கள். ஏரி திரும்பும்போது வேறாகத் தெரியும். தவிரவும், வட்டவழி போட்டால் பாதியில் மனம் மாற முடியாது. மேற்கொண்டு ஆசை இருந்தால் ஜோ லேக்கின் கிழக்குக் கிளை வழியாக, அரை கிலோமீட்டருக்குக் குறைவான போர்ட்டேஜ்களைத் தாண்டிப் பெர்ன்ட் ஐலண்ட் லேக்குக்குப் போகலாம். அது நீண்டு கிடக்கும் ஏரி, காற்றுப் பிடித்தால் அலை எழும். பூங்காவிலேயே பெரிய ஏரியான ஒபியொங்கோவை முதல் பயணத்தில் தொடவே வேண்டாம். அதன் திறந்த பரப்பில் நடுப்பகலில் எழும் அலையில் அனுபவசாலிகளே கரை ஒதுங்குவார்கள். ஆற்று ஓட்டமும் அப்படியே. வெண்ணுரை தெரியும் இடமெல்லாம் போர்ட்டேஜ்தான், விவாதம் இல்லை.

டொம் தொம்சன் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இந்தக் காட்டை வரைந்த ஓவியர். 1917 ஜூலையில் கனூ லேக்கிலேயே இறந்து கிடந்தார். எப்படி என்பது இன்றுவரை வாதம். ஏரியில் துருத்தி நிற்கும் ஹேய்ஹர்ஸ்ட் முனையில் 1930இல் எழுப்பிய நினைவுக் கற்குவியல் உண்டு. காற்று இல்லாவிட்டால் ஒதுங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கனூவும் துடுப்பும்

இரண்டு பேருக்கும் நான்கு நாள் சாமானுக்கும் 16 முதல் 17 அடி கனூ போதும். கெவ்லர் இழையில் செய்தது சுமார் 20 கிலோ. பிளாஸ்டிக், அலுமினியம் என்றால் 30 கிலோவைத் தாண்டும். வாடகை வித்தியாசத்தைப் பார்த்துக் கனமானதை எடுக்காதீர்கள். போர்ட்டேஜில் ஒவ்வோர் அடியும் அந்தப் பணத்தை நினைவூட்டும். கெவ்லருக்கு ஒரு பலவீனம்: கல்லில் இழுத்தால் கீறும், ஏற்றிய நிலையில் பாறைமேல் உட்கார்ந்தால் வெடிக்கும். ஆகவே கரைக்கு வருமுன் தண்ணீரிலேயே இறங்கி, படகு மிதக்கும்போதே சாமானை இறக்க வேண்டும். கால் நனையத்தான் செய்யும். அதற்கென்றே பிடிப்புள்ள ஒரு பழைய சப்பாத்து, முகாமுக்கு உலர்ந்த வேறொன்று. செருப்பு வேண்டாம், சேற்றில் கழன்று அங்கேயே தங்கிவிடும்.

வாடகைக்கு எடுக்கும்போது நடுவில் உள்ள நுகத்தைப் பாருங்கள். மாட்டு வண்டி நுகம் போலவே தோளில் உட்காரும் வளைந்த கட்டை அது. திருகாணி தளர்ந்திருக்கக்கூடாது. துடுப்பின் அளவுக்குச் சுலபமான வழி: கதிரையில் நிமிர்ந்து இருந்து, துடுப்பைத் தலைகீழாக்கிப் பிடியை இருக்கையில் ஊன்றுங்கள். தண்டு முடிந்து இலை தொடங்கும் இடம் மூக்குக்கும் நாடிக்கும் இடையில் வரவேண்டும். இரண்டு பேருக்கு மூன்று துடுப்பு. ஒன்று உடைந்தாலோ மிதந்து போனாலோ மூன்றாவது இல்லாதவர் ஏரியின் நடுவில் பயணியாகிவிடுவார்.

கனேடியச் சட்டப்படி கனூவில் இருக்கவேண்டியவை: ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, குறைந்தது 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், விசில். இருட்டில் போக நேர்ந்தால் நீர்புகா விளக்கு. வாடகைக் கடையில் இவற்றை ஒரு சிறு தொகுப்பாகத் தருவார்கள். திறந்து பார்த்து வாங்குங்கள். சட்டை படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். உயிருக்கு அது உடம்பில், கொளுவி பூட்டிய நிலையில் இருக்கவேண்டும். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சே தன் வசத்தில் இராது. பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் சொல்கேளாமல் போகும். அந்த நிலையில் மிதந்துகொண்டிருக்கும் சட்டையைப் பிடித்து மாட்டுவது நடக்காத காரியம்.

சாமான்: எண்ணிக்கையைக் குறையுங்கள்

கிலோவைவிட முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு பேருக்குத் தோள்பை இரண்டு, உணவுப் பீப்பாய் ஒன்று, கனூ ஒன்று. மொத்தம் நான்கு உருப்படி. கையில் தனியாகத் தொங்கும் தண்ணீர்ப் போத்தல், செருப்பு, கதிரை, குளிர்ப்பெட்டி எல்லாம் மூன்றாவது நடையை உண்டாக்கும். ஏதாவது ஒன்று போர்ட்டேஜ் முனையில் மறந்தும் கிடக்கும். துடுப்புகளைக் கனூவுக்குள் குறுக்குச் சட்டங்களோடு கட்டிவிடுங்கள். ஒவ்வொரு போர்ட்டேஜுக்கும் முன்னும் பின்னும் உருப்படிகளை வாய்விட்டு எண்ணுங்கள்.

ஒரு பைக்கு 16 முதல் 18 கிலோ நல்ல எல்லை. நீர்புகாப் பை வாங்கக் காசு இல்லாவிட்டால், கட்டட வேலைக்காரர் பாவிக்கும் தடித்த குப்பைப்பையைத் தோள்பைக்குள் உறையாகப் போட்டு, வாயை முறுக்கிக் கட்டினால் போதும். கட்டாயம் உலர்ந்திருக்க வேண்டியவை இரண்டே: உறக்கப்பையும் ஒரு மாற்று உடுப்பும்.

உடுப்பில் பருத்தி கூடாது. ஜீன்ஸ் நனைந்தால் உலர ஒரு நாள் ஆகும். அதுவரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். விளையாட்டு உடுப்பு வகையிலான செயற்கை இழை, அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், மழைக்கு மேற்சட்டையும் காற்சட்டையும். சாரம் (லுங்கி) ஒன்றைத் தடுக்கவில்லை. கூடாரத்துக்குள் அதைவிட வசதியானது இல்லை. படகில் மட்டும் வேண்டாம். வெளிர் நிறம் கருப்பு ஈயைக் குறைவாக ஈர்க்கும்.

கூடாரத்தோடு 3க்கு 4 மீட்டர் தார்ப்பாய் ஒன்றும் 30 மீட்டர் மெல்லிய கயிறும் எடுங்கள். இரண்டு நாள் மழையில் உட்கார்ந்து தேநீர் வைக்க இடம் இருந்தால் பயணம் தப்பிக்கும். எழுதப்பட்ட எல்லாப் பட்டியல்களிலும் இதைத்தான் ஆட்கள் முதலில் வெட்டுகிறார்கள்.

சாப்பாடு, அதிலும் மீன் டின்

இங்கே நம்மவருக்கென்றே ஒரு எச்சரிக்கை. பூங்காவின் உட்பகுதிக்குள் டின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை உண்டு. வெளியூர்ப் பயணம் என்றதும் கை தானாகப் போகும் மீன் டின், தேங்காய்ப்பால் டின், கண்ணாடிப் போத்தல் ஊறுகாய், பியர் எதுவும் ஆகாது. எரிபொருள் குப்பி, பூச்சித் தைலம், மருந்து போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஊறுகாயையும் கட்டைச் சம்பலையும் திருகுமூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, அதை ஒரு ஜிப் பையில் போடுங்கள். மீன் கட்டாயம் என்றால் பை அடைப்பில் வரும் சூரை வாங்கலாம். கருவாடு எடை குறைந்தது, கெடாது, எல்லா வகையிலும் பொருத்தம். ஆனால் அதன் வாசம் உங்களைவிடத் தூரத்தில் இருப்பவருக்கும் போகும், அவர் நான்கு காலில் நடப்பவர். வீட்டிலேயே விடுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் 700 கிராம். இரண்டு பேருக்கு நான்கு நாள் என்றால் ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல். காலைக்கு ஆளுக்கு 80 கிராம் அவல் அல்லது ஓட்ஸ், சீனி, பால்மா. அவலுக்குக் கொதிநீர் ஊற்றி மூடி வைத்தாலே போதும், அடுப்புச் செலவு இல்லை. மதியம் அடுப்பே மூட்டக்கூடாது. ரொட்டி, நிலக்கடலை வெண்ணெய், பேரீச்சை, கடலை வகை நூறு கிராம். இரவுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி, 50 கிராம் மைசூர்ப் பருப்பு. முகாமுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து அரை மணி ஊறப்போட்டால் வேகும் நேரம் நன்றாகக் குறையும். வெங்காயம், கருவேப்பிலை, செத்தல் மிளகாயை வீட்டிலேயே தாளித்து ஆறவைத்துக் கொண்டுவந்தால் கொதிக்கும் சட்டியில் கொட்டிக் கிளறுவதுதான் வேலை. வறுத்த அரிசிமாப் புட்டு நல்ல யோசனையாகத் தோன்றும். அவிக்கும் பாத்திரத்தின் எடையைப் பார்த்தால் மனம் மாறும். ஒவ்வொரு வேளையையும் தனிப் பையில் கட்டி, நாளும் வேளையும் எழுதுங்கள். ஒரு வேளைக்கான உணவு மேலதிகமாக இருக்கட்டும்.

அடுப்பு கட்டாயம். வறண்ட கோடையில் தீ மூட்டத் தடை வரும், மழையில் விறகு பற்றாது. 230 கிராம் எரிவாயுக் குப்பி ஒன்று இரண்டு பேருக்கு மூன்று நாள் கொதிநீருக்குக் காணும். அரிசி வேகவைப்பதால் இரண்டு எடுங்கள். விறகு வெளியிலிருந்து கொண்டுவரக்கூடாது. மரத்தைக் கொல்லும் பூச்சிகள் அதில்தான் பயணம் செய்கின்றன. முகாமிடத்தைச் சுற்றி எல்லோரும் பொறுக்கியிருப்பார்கள். கனூவில் கொஞ்சம் தள்ளிப் போய்க் கரையில் விழுந்து உலர்ந்த, கட்டைவிரல் தடிப்புக் கிளைகளைச் சேர்க்கலாம்.

தண்ணீர் ஏரியிலேயே. பார்க்கத் தெளிந்திருந்தாலும் பீவர் இருக்கும் நீரில் ஜியார்டியா ஒட்டுண்ணி இருக்கலாம். அதன் வயிற்றுப்போக்கு நீங்கள் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கும். கொதி நிலையில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். புவியீர்ப்பில் வடியும் வடிகட்டி நேரத்தை மிச்சமாக்கும், ஆனால் ஒரு தடவை உறைந்துவிட்டால் அதன் இழைகள் வெடித்துப் பயனற்றுப் போகும். செப்டம்பரில் அதை உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள்.

தண்ணீரில்

காலை 6க்கு எழுந்து ஏழரைக்குத் தண்ணீரில் இருங்கள். பத்து, பதினொரு மணிக்கு மேல் காற்று எழும். பெரும்பாலும் மேற்குப் பக்கமிருந்து வரும். பின்னேரம் தணியும்.

கனமானவர் பின்னால், மற்றவர் முன்னால். சாமான் நடுவில், முடிந்தளவு அடியோடு. ஏற்றி முடித்ததும் பக்கத்திலிருந்து பாருங்கள். கடற்கரை ஊர்களில் அணியம் என்று சொல்லும் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கலாம், ஆனால் வானம் பார்த்து நின்றால் காற்று அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். எதிர்காற்றில் ஒரு பையை முன்னோக்கி நகர்த்தினால் சரியாகும்.

முன்னால் இருப்பவர் வேகம் கொடுப்பவர். பின்னால் இருப்பவர்தான் சுக்கான். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில், ஒரே தாளத்தில் வலிக்க வேண்டும். அப்படி வலித்தாலும் படகு பின்னவரின் துடுப்புக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அதைச் சரிசெய்யும் வழி: வலித்து முடியும் இடத்தில், பிடியில் உள்ள கையின் பெருவிரல் கீழ்நோக்கி வரும்படி மணிக்கட்டைத் திருப்பி, துடுப்பின் இலையால் நீரைப் படகிலிருந்து வெளியே தள்ளுங்கள். ஆங்கில ஜே (J) எழுத்துப் போல வளைவதால் ஜே வலிப்பு என்பார்கள். கனூ லேக் துறையை ஒட்டி அரை மணி நேரம் இதை மட்டும் பழகிவிட்டுப் புறப்பட்டால், வளைந்து வளைந்து போய்ச் சேர்க்கும் மேலதிகத் தூரம் மிச்சமாகும்.

அலை எழுந்தால் இருக்கையை விட்டு முழங்காலில் இறங்குங்கள், எடை கீழே வரும். அலையை நேராகவும் பக்கவாட்டிலும் வாங்காமல் சற்றுச் சரிவாக வெட்டிப் போங்கள். எப்போதும் கரையை ஒட்டியே. நடுவால் போனால் மிச்சமாகும் பத்து நிமிடத்துக்காக நீந்த முடியாத தூரத்துக்குப் போகாதீர்கள். அலையின் தலையில் வெள்ளை தெரிந்தால் கரையேறிக் காத்திருங்கள். இடி கேட்டாலும் அப்படியே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் மீண்டும் நீருக்கு.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். தண்ணீர் நிறைந்தாலும் அது மிதக்கும், தேடுகிறவர் கண்ணில் உங்கள் தலையைவிட அதுதான் படும். பிடித்துக்கொண்டே காலால் உதைத்துக் கரைக்குத் தள்ளுங்கள். பைகளைப் பிறகு பார்க்கலாம்.

வழி தவறுவது பெரும்பாலும் தீவுகளால். நீர்மட்டத்திலிருந்து பார்த்தால் தீவும் பின்னால் உள்ள கரையும் ஒன்றாகிவிடும், குடா இருப்பதே தெரியாது. வரைபடத்தைத் திசைகாட்டியோடு பொருத்தி முன்னவரின் காலடியில் விரித்து வைத்து, தாண்டும் ஒவ்வொரு முனையையும் விரலால் குறித்து வாருங்கள். எங்கே இருக்கிறோம் என்று தேடத் தொடங்கும்போது ஏற்கெனவே இரண்டு முனை தவறியிருக்கும். போர்ட்டேஜ் தொடக்கத்தில் மஞ்சள் பலகை, நீளத்தோடு இருக்கும். கிளை மறைத்திருந்தால் கரையில் மிதிபட்ட சேற்றைத் தேடுங்கள். திரும்பும்போது ஜோ லேக் அணையின் பக்கம் நெருங்காமல் நேரே அந்தப் பலகைக்கே போங்கள்.

போர்ட்டேஜில்

கனூவை இரண்டு பேர் முன்னும் பின்னும் தூக்குவது இலகு என்று தோன்றும். நடையின் தாளம் ஒத்துவராது, பின்னவருக்கு வழி தெரியாது, ஒருவர் தடுக்கினால் இருவரும் விழுவார்கள். ஒருவர் நுகத்தில் சுமப்பதே மேல். ஏற்றும்போது மட்டும் துணை வேண்டும். படகைக் கவிழ்த்து, பின்முனையை மண்ணில் விட்டு, ஒருவர் முன்முனையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பார். மற்றவர் உள்ளே நுழைந்து நுகத்தைத் தோளில் வாங்கி, மெதுவாக நிமிர்ந்து எடையைச் சமன் செய்வார். முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தால்தான் பாதை தெரியும். இறக்குவதும் அதே வழியில், பின்னோக்கி. தனியாள் தூக்கும் முறையைப் புல்வெளியில் பழகாமல் பாறையில் முயன்றால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

முதல் நடையில் ஒருவர் கனூ, மற்றவர் பை. இரண்டாம் நடையில் மிச்சப் பையும் பீப்பாயும். கரையில் இறங்கியதும் சாமானை ஓரமாக ஒதுக்குங்கள். பின்னால் வருகிறவருக்கு இறங்க வேறு இடம் இராது. பீவர் அணை வந்தால் தடித்த கட்டைகளின்மேல் கால் வைத்து இறங்கி, சாமானை எடுத்துவிட்டுப் படகைத் தூக்கித் தாண்டுங்கள். பளுவோடு இழுத்தால் அணையும் உடையும் படகும் கீறும்.

முகாமில்

கூடாரம் போடுமுன் மேலே பாருங்கள். செத்த மரமோ தொங்கும் முறிந்த கிளையோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். இரவுக் காற்றில் கரடியைவிட அதுவே பெரிய ஆபத்து.

கருங்கரடிக்கு உங்கள்மேல் அக்கறை இல்லை, உங்கள் பீப்பாய்மேல்தான். மூடி இறுகிய பீப்பாய் நீரையும் ஓரளவு வாசத்தையும் தடுக்கும், கரடியைத் தடுக்காது. எனவே கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் விலகித் தொங்கவேண்டும். கயிற்றின் நுனியில் சிறு கல்லைப் பையில் கட்டி எறிந்தால் கிளையைத் தாண்டும். இருட்டில் இதைச் செய்ய முயல்வது ஒரு மணி நேர வேடிக்கை, ஆகவே வெளிச்சத்திலேயே கிளையைத் தேர்ந்து கயிற்றைப் போட்டு வையுங்கள். பற்பசை, சவர்க்காரம், சூயிங்கம், குப்பை எல்லாம் பீப்பாய்க்குள்ளேயே. கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் கூட வேண்டாம். கரடிக்கு முன்னால் சிறு அணில் வந்து துணியைக் கிழிக்கும்.

பாத்திரத்தையும் உங்களையும் கழுவுவது ஏரியில் அல்ல. நீரைச் சட்டியில் மொண்டு 60 மீட்டர் உள்ளே போய்க் கழுவி, மண்ணில் கொட்டுங்கள். முகாமிடத்துக்குப் பின்னால் காட்டுக்குள் மூடிபோட்ட மரப்பெட்டிக் கழிப்பிடம் இருக்கும். வழியில் அவசரம் என்றால் நீரிலிருந்து அதே 60 மீட்டர், 15 சென்டிமீட்டர் குழி. தீயை அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றுங்கள்; சாம்பலில் வெறுங்கை வைக்க முடிந்தால்தான் அணைந்தது. படுக்குமுன் கனூவைத் தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளிக் கவிழ்த்து, மரத்தோடு கட்டுங்கள். இரவில் காற்று எடுத்துப் போன படகைக் காலையில் எதிர்க்கரையில் பார்க்கும் காட்சி அழகாக இராது.

வீட்டில் விட்டுப்போகும் தாள்

உள்ளே கைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. செய்மதித் தொடர்புக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் நல்லது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒரு தாள் கொடுங்கள். நுழைவிடம், காரின் இலக்கம், நிறம், கனூவின் நிறம், ஒவ்வோர் இரவும் எந்த ஏரி, எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்பன அதில் இருக்கட்டும். அதோடு, எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் மாகாணப் பொலிசை அழைக்கவேண்டும் என்பதும். வெளிவரும் நேரத்துக்கும் பொலிசை அழைக்கும் நேரத்துக்கும் இடையில் ஓர் இரவு இடைவெளி வையுங்கள். காற்றுக்காகக் கரையில் ஒரு நாள் தங்க நேர்ந்தால் அவசரப்பட்டுத் திறந்த நீருக்கு இறங்கமாட்டீர்கள்.

கடைசி நாள் துறைக்கு வந்து, கனூவைக் கழுவி ஒப்படைத்து, உடம்பில் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிட்டு, 60இல் சமிக்ஞை கிடைத்ததும் அந்தத் தாள் வைத்திருப்பவரை அழையுங்கள். ஹண்ட்ஸ்வில்லில் சாப்பிட உட்காருவதற்கு முன்னால்.